சமூக வலைத்தளத்தில் நம்மைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

2018 ஜூலை 28 அன்று, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் 12 இலக்க ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டார். இதை வைத்து எனக்கு என்ன கெடுதல் செய்துவிட முடியும், செய்து காட்டுங்கள் என்பது சவால். கொஞ்ச நேரத்திலேயே அவருடைய செல்போன் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பான் எண் என்று ஒவ்வொன்றாக ஆட்கள் எடுத்துப்போட ஆரம்பித்தார்கள். அவர் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டியவர்களும் உண்டு. இவை எங்கள் தரவுத்தளத்திலிருந்து கசிந்தவை அல்ல, ஏற்கெனவே இணையத்தில் கிடைத்தவைதான் என்று ஆதார் ஆணையம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தைப் படித்தபோதுதான் எனக்குக் கவலை கூடியது.

ஒரு பிறந்தநாள் படம், ஒரு பள்ளி நினைவு, ஒரு புது வேலை அறிவிப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் ஆபத்து இல்லை. மோசடிக்காரர் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார். அதனால், எதையாவது போடுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஏற்கெனவே வெளியில் இருக்கும் எதோடு போய்ச் சேரும்? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

படி 1: முதலில் உங்களை நீங்களே தேடிப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். இனிஷியலோடு ஒரு முறை, ஊர்ப் பெயரோடு ஒரு முறை. அப்புறம் உங்கள் செல்போன் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எப்போதோ பழைய பைக்கை விற்கப் போட்ட விளம்பரம், குடியிருப்போர் சங்கத்தின் பிடிஎஃப், கல்லூரி முன்னாள் மாணவர் பட்டியல் என்று எங்கெங்கேயோ அந்த எண் கிடக்கும்.

உங்கள் டிபி படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். ஃபேஸ்புக்கில், உங்கள் பக்கம் வெளியாளுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் வசதி இருக்கிறது. அதையும் ஒரு முறை பாருங்கள். இன்னொரு சின்னச் சோதனை: வீட்டில் வேறு ஒருவருடைய போனிலிருந்து, பணம் அனுப்பும் செயலியில் உங்கள் எண்ணை அடிக்கச் சொல்லுங்கள். வங்கியில் பதிவான உங்கள் பெயர் அப்படியே வந்து நிற்கும். செல்போன் எண் தெரிந்தாலே பெயர் தெரிந்த மாதிரிதான்.

கிடைத்ததை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். வெளியாள் ஒருவர் அரை மணி நேரத்தில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது இவ்வளவு. இனிமேல் எடுக்கும் முடிவுகளுக்கு இந்தக் காகிதம்தான் அடிப்படை.

படி 2: மாற்ற முடியாததைத் தனியாகப் பிரியுங்கள்

பாஸ்வேர்டு போனால் மாற்றிவிடலாம். செல்போன் எண்ணைக் கஷ்டப்பட்டு மாற்றலாம். பிறந்த தேதியை, அம்மா பெயரை, பிறந்த ஊரை, முகத்தை, குரலை மாற்ற முடியாது. இந்த இரண்டாவது வகையில் கஞ்சத்தனம் காட்டுங்கள் என்பது என் கட்சி.

பிறந்த தேதியைச் சாதாரணமாக நினைக்கிறோம். இணையத்தில் இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடவே பிறந்த வருடம். பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அது பூட்டே இல்லை. வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட்கள் பலவற்றுக்கும் பிறந்த தேதிதான் சாவி. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு பார்க்கவும் பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான் கேட்கிறார்கள்.

பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் கல்லூரி மாணவர் ஒருவர் நுழைந்தார். பாஸ்வேர்டை மாற்ற யாஹூ கேட்டது பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றும்தான். மூன்றுக்கும் பதில் பொதுவெளியிலேயே இருந்தது. நம் ஊர் வங்கிகளில் இதே இடத்தில் அம்மா பெயரைக் கேட்பார்கள்.

என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கில் பிறந்த நாளுக்கும் வருடத்துக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கலாம். வாழ்த்து வேண்டுமென்றால் நாளும் மாதமும் நண்பர்களுக்கு மட்டும் தெரியட்டும்; வருடத்தை உங்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ஆனால் அதோடு முடிவதில்லை. 'ஐம்பதாவது பிறந்தநாள்' என்று கேக் படத்தைப் போட்டால் வருடம் வெளியே வந்துவிடும். '1994 பத்தாம் வகுப்பு பேட்ச்' சந்திப்புப் படமும் ஏறக்குறைய அதையே சொல்லும். அதைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் வேண்டும் என்றால், வங்கியின் பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மைப் பதில் கொடுப்பதை விட்டுவிடுங்கள். அம்மா பெயர் என்ற இடத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு சொல் இருக்கட்டும். அடையாளத்தைச் சரிபார்க்க வங்கி வாங்கும் கேஒய்சி படிவத்தில் மட்டும் சரியான பெயரைத்தான் எழுத வேண்டும்.

குரல் விஷயம் புதிது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சிறிய ஒலித்துண்டை வைத்தே ஒருவர் குரலைப் போலிசெய்கின்றன. ரீல்ஸ் போடும் எல்லோரையும் வாயை மூடச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு' என்று போன் வந்தால், முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

படி 3: காகிதத்தைப் படம் எடுத்துப் போடும்போது இரண்டு முறை பாருங்கள்

நம் குடும்பங்களில் தகவல் அதிகம் வெளியேறுவது சொந்தமாக எழுதும் பதிவுகளால் அல்ல, காகிதங்களின் படங்களால் என்று நினைக்கிறேன். முதல் இடம் கல்யாணப் பத்திரிகைக்கு.

ஒரு பத்திரிகையை எடுத்து மோசடிக்காரரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர், அப்பா அம்மா பெயர், அப்பா ஓய்வு பெற்ற துறை, மணமக்களின் படிப்பு, வேலை பார்க்கும் நிறுவனம், வீட்டுக் கதவு எண்ணோடு முகவரி, இரண்டு மூன்று செல்போன் எண்கள். தாய்மாமன்கள் பட்டியல் தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எந்த ஊர் மண்டபத்தில் என்று இருக்கிறது. அதாவது, இந்த முகவரியில் உள்ள வீடு எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து பூட்டிக்கிடக்கும் என்ற விவரம். வீட்டில் நகை எடுத்து வைத்திருப்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. அச்சடித்த பத்திரிகை நேரில் கொடுக்க. வாட்ஸ்அப்பில் அனுப்ப, மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் மட்டும் உள்ள தனி அட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். செலவு பெரிதாக இல்லை. பெரியவர்கள் 'எல்லார் பேரும் வரணுமே' என்பார்கள். அது அச்சுப் பத்திரிகையில் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். உங்களுக்கு வரும் அழைப்பிலும் கவனம் வேண்டும்: ஏபிகே என்று முடியும் கோப்பாகக் கல்யாணப் பத்திரிகை வந்தால் திறக்காதீர்கள். அது பத்திரிகை அல்ல, போனுக்குள் நுழையும் செயலி.

அடுத்தது ஜாதகம். வரன் தேடும் வாட்ஸ்அப் குரூப்களில் பெண்ணின் பிறந்த தேதி, நேரம், ஊர், சம்பளம், அப்பாவின் சொத்து, தொடர்பு எண், முழு உருவப் படம் என்று எல்லாமே ஒரே பக்கத்தில் போகிறது. குரூப்பில் இருக்கும் முந்நூறு பேரில் உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்? பொதுவில் நட்சத்திரம், ராசி, படிப்பு, வயது, எந்த மாவட்டம் என்பது போதும். ஜாதகக் கட்டமும் படமும், ஒரு முறை போனில் பேசிய பிறகு அந்தக் குடும்பத்துக்கு மட்டும். தொடர்பு எண்ணாகப் பெண்ணின் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

மதிப்பெண் சான்றிதழ், நீட் அனுமதிச் சீட்டு, புது ஆபீஸ் அடையாள அட்டை, புது காரின் ஆர்சி, விமானப் பயணச் சீட்டு. இவற்றுக்கெல்லாம் ஒரே விதி: மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், காகிதத்தைக் காட்டாதீர்கள். ஆஸ்திரேலிய முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020 மார்ச்சில் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவுக் குறியீட்டையும் பெயரையும் வைத்து விமான நிறுவனத் தளத்துக்குள் நுழைந்த ஒருவரால், அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் செல்போன் எண்ணையும் எடுக்க முடிந்தது. நல்லவேளையாக, எடுத்தவர் அதை உரிய அதிகாரிகளிடம்தான் சொன்னார்.

மறைத்துப் போடுவதாக இருந்தால் எடிட்டிங் செயலியில் மார்க்கர் பேனாவால் லேசாகக் கிறுக்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் சில சமயம் எழுத்து தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டியே எடுங்கள். ஆதார் நகலை ஹோட்டலுக்கோ தரகருக்கோ அனுப்ப வேண்டி வந்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

படி 4: எங்கே இருக்கிறீர்கள் என்பதைத் தாமதமாகச் சொல்லுங்கள்

குற்றாலத்தில் குளித்துக்கொண்டே ஸ்டேட்டஸ் போடாவிட்டால் அருவி வற்றிவிடாது. வீடு திரும்பிய பிறகு போடலாம். படமும் அதேதான், லைக்கும் அதேதான்.

ஆனால் ஒரு நாள் பயணத்தைவிட தினசரிப் பழக்கம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். எத்தனை மணிக்கு நடைப்பயிற்சி, எந்தத் தெருவில், பிள்ளையின் பள்ளி வேன் எங்கே நிற்கும் என்பவை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில், அதன் பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. இருந்தாலும் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்னார்: ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் ராணுவ முகாம்களின் வடிவம் அந்தக் கோடுகளில் தெரிகிறது. இந்த மாதிரிச் செயலிகளில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள்.

படத்தின் பின்னணியையும் பாருங்கள். கதவு எண், வண்டி நம்பர் பிளேட், பிள்ளையின் சீருடையில் பள்ளிச் சின்னம், ஜன்னல் வழியே தெரியும் கோபுரம். 2019இல் ஜப்பானில் ஒரு பாடகியின் செல்ஃபியில் அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை வைத்து, இணைய வரைபடத்தோடு ஒப்பிட்டு அவர் இறங்கும் நிலையத்தைக் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்து தாக்கியிருக்கிறார் ஒருவர். அந்த அளவுக்குப் பயந்து வாழ வேண்டாம். தெளிவான கேமராவில் நாம் பார்க்காததும் பதிவாகிறது என்பது தெரிந்திருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பு நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

படி 5: அடுத்தவர் தகவல் உங்கள் கையில் இருக்கும்போது

இங்கேதான் நமக்கு மனசாட்சி கொஞ்சம் தூங்குகிறது. மருத்துவமனைப் படுக்கையில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் அப்பாவின் படம், 'பிரார்த்தனை செய்யுங்கள்' என்ற வரியோடு. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க சட்டையை அயர்ன் பண்ணாமல் தெருவில் இறங்கியிருக்க மாட்டார். அவரைக் கேட்டோமா?

பூப்புனித நீராட்டு விழா பேனரும் அப்படித்தான். தெருமுனையில் கட்டிய பேனர் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். அதையே படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் அந்தப் பெண்ணின் பெயர், முகம், ஊர், அவள் உடலைப் பற்றிய ஒரு தனிப்பட்ட செய்தி எல்லாம் அவள் கல்லூரிக்குப் போகும்போதும் அங்கேயே இருக்கும். வகுப்புத் தோழன் ஒருவன் தேடி எடுத்து குரூப்பில் போட ஒரு நிமிடம் ஆகாது. விழா வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. படம் இணையத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

சிறு பிள்ளைகளுக்கு நான் வைக்கும் கோடு இது: குளியல், அழுகை, அடி வாங்குவது, நோய், மோசமான மதிப்பெண் இவை எங்கும் வேண்டாம். மற்ற படங்கள் குடும்ப குரூப்போடு நிற்கட்டும். ஏழெட்டு வயதிலிருந்து பிள்ளையையே கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கணக்கில் எடுத்து, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. நிறுவனம் நம்மைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, நாம் பிள்ளையைக் கேட்பதில் குறைந்துபோக மாட்டோம்.

உறவினர்களிடம் சொல்வதுதான் சங்கடம். சண்டையாகச் சொல்லாமல் காரியமாகச் சொன்னால் பெரும்பாலும் எடுபடும். 'மாமா, பாப்பா போட்டோ நம்ம குரூப்லயே இருக்கட்டும். ஸ்டேட்டஸ்ல மட்டும் வேணாம், ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க.' பள்ளி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாமா கேட்டுக்கொள்வார்.

படி 6: யார் பார்க்கிறார்கள் என்பதைச் சரிசெய்யுங்கள்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 'என் தொடர்புகள்' என்று இருந்தால், நீங்களும் அவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருக்கும் எல்லோருக்கும் போகும். தொடர்புப் பட்டியலை ஒரு முறை உருட்டிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் போடுபவர், பழைய வீட்டு உரிமையாளர், ரியல் எஸ்டேட் தரகர், ஏசி மெக்கானிக், முந்தைய மேலாளர். குடும்பப் படங்களுக்கு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிபி, கடைசியாக வந்த நேரம், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பவையும் அதே ப்ரைவசி பகுதியில் இருக்கின்றன.

ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை எல்லாம் ஒரே தட்டலில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். ஒவ்வொன்றாக அழிப்பதைவிட இதை முதலில் செய்யுங்கள். இந்தியாவில் 2020 மே மாதம் முதல் புரொஃபைலைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. செல்போன் எண்ணை வைத்து உங்களைத் தேட முடியுமா என்ற அமைப்பையும் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் போதும். எல்லாம் சரிசெய்தாலும் ஸ்கிரீன்ஷாட்டை முழுமையாகத் தடுக்க எந்த அமைப்பும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

படி 7: வெளியே தெரிந்தே ஆக வேண்டியவர்கள்

வீட்டிலிருந்து சேலை விற்பவர், கேக் செய்பவர், டியூஷன் எடுப்பவர் எல்லாம் பூட்டிக்கொண்டு உட்கார முடியாது. அவர்களுக்குத் தொழிலுக்கென்று தனி சிம்மும் தனி வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கும் அவசியம். வீட்டு முகவரிக்குப் பதில், பக்கத்துக் கடை அல்லது பஸ் நிறுத்தத்தை அடையாளமாகப் போட்டு, ஆர்டர் உறுதியான பிறகு முகவரி கொடுக்கலாம்.

வேலை தேடுபவர்கள், ரெஸ்யூமேயின் கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, முழு முகவரி, கையெழுத்து என்று ஒரு பகுதி வைக்கும் நம் ஊர் வழக்கத்தை விட்டுவிடலாம். ஊர், மின்னஞ்சல், ஓர் எண் போதும்.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் நிலை வேறு. 2025 ஜூனிலிருந்து, மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கும் தரும் எஃப், எம், ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று அந்நாடு சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்திலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். ஆக, பூட்டி வைத்திருக்கும் பக்கம் என்றைக்காவது திறக்கப்படலாம் என்று நினைத்தே எழுத வேண்டியிருக்கிறது. திறந்து வைக்கும் காலத்தில் மோசடிக்காரரும் பார்ப்பார் என்பதால் செல்போன் எண், பிறந்த வருடம், வீட்டார் படங்களை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். கணக்கை மறைத்துவிட்டு விண்ணப்பிப்பது மட்டும் வேண்டாம்.

படி 8: பதிலிலும் புகாரிலும் கொட்டிவிடாதீர்கள்

'நீங்கள் முதலில் படித்த பள்ளி எது? பார்ப்போம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது' மாதிரிப் பதிவுகளில் பதில் எழுதுவது பாதுகாப்புக் கேள்விக்கு விடை எழுதுவதுதான்.

அதைவிட மோசம், கோபத்தில் எழுதும் புகார். பணம் பிடித்துவிட்டார்கள், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை என்று நிறுவனத்தை டேக் செய்து, கீழே பிஎன்ஆர் எண்ணும் செல்போன் எண்ணும் போடுகிறோம். அடுத்து, வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுகிறேன் என்று ஒருவர் பணிவாக அழைப்பார். உங்கள் பிரச்சினை அவருக்கு அக்கு வேறு ஆணி வேறாகத் தெரியும், ஏனென்றால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு லிங்க் அனுப்புவார், அல்லது போனின் திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்வார். புகாரைப் பொதுவில் எழுதுங்கள், எண்களை அந்த நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் கொடுங்கள்.

படி 9: ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்றால்

பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்கு முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. மற்ற சைபர் புகார்களை மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம்.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு வந்திருந்தால், நண்பர்கள் பலரும் அதை 'வேறொருவராக நடிக்கிறார்' என்ற காரணத்தில் புகார் செய்ய வேண்டும். அதற்கு முன் அதன் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மறைந்தால் ஆதாரமும் மறையும். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது. ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவச இணையச் சேவை, படத்தை உங்கள் போனைவிட்டு வெளியே எடுக்காமலேயே அதற்கொரு டிஜிட்டல் ரேகை உருவாக்கி, பங்கேற்கும் தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒரு வேலை: பழைய செல்போன் எண். நீங்கள் கைவிட்ட எண்ணை, 90 நாள் இடைவெளிக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் பழைய ஃபேஸ்புக், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எதிலாவது அந்த எண் இன்னும் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். எண் மாற்றும் முன் அந்த எண்ணிலிருந்தே ஒவ்வொரு கணக்காக உள்ளே போய்ப் புது எண்ணைப் பதிந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்பதைச் செய்து முடித்த பிறகு சிம்மைக் கழற்றுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.